சந்தியில் நின்றவள்

விமலேஸ்வரி அடிபட்டு விழுந்தபோது முதலில் ஓடிவந்து அவளுடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவள் அமராவதிதான். தன் சேலைத் தலைப்பைக் கிழித்து நெற்றிக் காயத்தைக் கட்டியதும் அவள்தான். தெருவால் வந்த லொறியை மறித்து, "இவளை ஏத்துங்கோ, கெதியா ஏத்துங்கோ" என்று குழறி, கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போனதும் அவள்தான். இதையெல்லாம் விமலேஸ்வரி ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. பிறகு நடந்ததை அவளால் தாங்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமலேஸ்வரி அரசாங்க மருத்துவிச்சி. நாற்பதைத் தாண்டியவள், கலியாணம் செய்யாதவள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் தெருவோரத்துக் கிளினிக்கின் பின்னறையில் குடியிருந்தாள். கண்டாவளைப் பக்கத்து வயல் வீடுகளிலும், எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் குடிசைகளிலும் அவளுடைய கையில் பிறந்த பிள்ளைகள் நிறையப் பேர். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சைக்கிளில் போய்வருவாள். சைக்கிளில் ஏறினால் அவள் வேறு ஆள் என்று சனம் பகிடி பண்ணும். ஆளில்லாத ஒழுங்கையில்கூட முடக்கு வந்தால் மணியடிப்பாள். பெரிய தெருவில் ஏறுகிற இடத்தில் காலை ஊன்றி நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள்.

குடியேற்றத்துக் கிரவல் தெரு வந்து பெரிய தெருவில் முட்டும் இடத்தைப் புளியடிச் சந்தி என்பார்கள். அந்த மூலையில் அமராவதியின் தேத்தண்ணிக் கடை. புருசன் காய்ச்சலில் போனபிறகு இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்தக் கடையை வைத்துத்தான் வளர்த்தாள். இளையவள் விமலேஸ்வரியின் கையில் பிறந்தவள். மூத்தவள் இராசேஸ்வரிக்குப் பள்ளிக்கூடம் விட்டு நாலைந்து வருடம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் விமலேஸ்வரியைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். உறவு ஒன்றும் கிடையாது, பழகிய பழக்கம். பொங்கலென்றாலும் தீபாவளியென்றாலும் விமலேஸ்வரிக்கு வேறு வீடு கிடையாது. அமராவதிக்கும் மனம் விட்டுக் கதைக்க வேறு ஆள் கிடையாது.

அந்தச் சந்தியில் எல்லாருக்கும் தலையிடியாக இருந்தவன் கணபதி. இரண்டு உழவு இயந்திரமும் நிறைய வயலும் வைத்திருந்த சிற்றம்பலத்தின் மகன். பரந்தன் பக்கமிருந்து வந்து குடியேற்றத் தெருவுக்குள் திரும்புகிறவர்கள் சந்தியின் நடுவைத் தாண்டிப் போய்த் தங்கள் பக்கத்தைப் பிடித்துத் திரும்ப வேண்டும். கணபதி உழவு இயந்திரத்தை அப்படித் திருப்பி யாரும் கண்டதில்லை. தூரத்திலேயே வெட்டி, அமராவதியின் கடை மூலையை உரசிக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் நிற்க வேண்டிய பக்கத்தால் உள்ளே நுழைவான். வேகத்தைக் குறைப்பதும் இல்லை, கையைக் காட்டுவதும் இல்லை. பின்னால் பூட்டியிருக்கும் வெறும் இழுவைப் பெட்டி தடதடவென்று துள்ளும். கடை வேலியின் கப்புக் கட்டையை அவன் முறித்திருக்கிறான். முட்டையிடுகிற கோழி ஒன்றையும் நசித்திருக்கிறான்.

"உவன் ஒருநாளைக்கு ஆரையும் கொண்டுதான் விடுவான்" என்று அமராவதி எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள். "ரண்டு முழம் தள்ளிச் சுத்தித் திருப்பினால் உவன்ர கை கழண்டு விழுந்திடுமோ?"

எண்பதாம் ஆண்டு பங்குனி மாதம், நெல்லு அள்ளி முடிகிற சமயம். குடியேற்றத்தில் பழனியாண்டியின் பெண்சாதி சுப்பம்மாவுக்குத் தலைப்பிள்ளை. விடியப்புறமே பழனியாண்டி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளை மத்தியானம் தாண்டித்தான் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகமென்று கண்டபிறகு விமலேஸ்வரி புறப்பட்டாள். பழனியாண்டி அவளுடைய மருந்துப் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னால் போனான். சந்தியில் அவன் பெரிய தெருவில் ஏறிக் கிளினிக் பக்கம் திரும்பிவிட்டான். அவளும் பின்னால் ஏறியிருப்பாள். அமராவதிதான் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"விமலா, நில்லு! காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டாய். அப்பம் கட்டி வைச்சிருக்கிறன், கொண்டு போ."

விமலேஸ்வரி தெருவின் இடப்பக்கம், கடை வாசலுக்கு முன்னால், காலை ஊன்றி நின்றாள். அமராவதி பொட்டலத்தோடு வெளியே வந்தாள்.

"என்ன பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளை. நல்ல நிறை."

"அவனுக்குச் சந்தோசமே?"

"அழுது கொண்டெல்லே நிண்டவன்."

அமராவதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே விமலேஸ்வரிக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். அந்த முகம் மாறியது இவளுக்கு நினைவிருக்கிறது. உழவு இயந்திரப் பெட்டியின் தடதடப்புக் கேட்டதும் நினைவிருக்கிறது. திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் கிடத்தினார்கள். கிழமைக்கு ஒருக்கால் அமராவதி கடையை இராசேஸ்வரியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருவாள். மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து ஊட்டிவிடுவாள். சிக்குப் பிடித்த தலையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, பின்னிவிடுவாள். பக்கத்துக் கட்டில் மனிசி, "உங்கட அக்காவோ?" என்று கேட்டபோது விமலேஸ்வரி ஓம் என்றாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "பொலிஸ் உன்னட்டை வந்து விசாரிச்சவங்களே?"

அமராவதி தலைமயிரைப் பிரித்துக்கொண்டு பின்னால் நின்றாள். முகம் தெரியவில்லை.

"ஓம், வந்தவங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுவம். நீ உதுகளைப் போட்டு யோசியாதை. காலைப் பார்."

விமலேஸ்வரி யோசிக்கவில்லை. பார்த்தவள் அமராவதி. தன்னை மறித்து நிற்பாட்டியவளும் அமராவதி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஊன்றுகோலோடு அவள் கிளினிக்குக்குத் திரும்பி வந்தபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. பொலிஸ் கணபதி மேல் வழக்குப் போட்டிருந்தது. வழக்குக்கு முதல் கிழமை பழனியாண்டி சுப்பம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான். சுப்பம்மா பிள்ளையை விமலேஸ்வரியின் மடியில் கிடத்தினாள். பழனியாண்டி வாசலிலேயே நின்று சால்வையை முறுக்கினான்.

"மிஸ்ஸி, ஒண்ணு சொல்லணும்ங்க. போலீஸ்ல என்னைக் கேட்டப்ப, உழவு மிசின் என்னைத் தாண்டிப் போச்சு, பொறவு சத்தம்தான் கேட்டேன், திரும்பிப் பாக்கறதுக்குள்ள நீங்க கெடந்தீங்கன்னு சொன்னேங்க. அதுதான் நெசம். ஆனா நீங்க சொன்னா, நீங்க நின்னதை என் கண்ணால பாத்தேன்னு கோர்ட்டுல சொல்லிர்றேங்க. எங்க புள்ளையை எடுத்துக் குடுத்துட்டு வந்த எடத்துலதானே இப்பிடி ஆச்சு."

விமலேஸ்வரி பிள்ளையின் கையை எடுத்துத் தன் விரலைப் பிடிக்கக் கொடுத்தாள்.

"வேண்டாம் பழனியாண்டி. காணாததைக் கண்டதெண்டு சொல்லக்கூடாது. அமராவதி எல்லாத்தையும் கண்டவள். அவள் ஒராள் சொன்னாக் காணும்."

பழனியாண்டியும் சுப்பம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் விட்டுவிட்டான். வழக்கு முடிந்த பிறகுதான் அந்தப் பார்வையின் அர்த்தம் விமலேஸ்வரிக்கு விளங்கியது.

வழக்கன்று கோட்டு மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. சிற்றம்பலம் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக முன் வாங்கில் இருந்தார். அந்த வாங்கின் மறுகரையில், மண்ணிறப் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு அமராவதி இருந்தாள். இடமில்லாமல் அங்கே இருக்கிறாளாக்கும் என்று விமலேஸ்வரி நினைத்தாள். கையைக் காட்டினாள். அமராவதி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமலேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். கணபதிக்காக வாதாட வந்த பிறக்கிராசியார் எழுந்து மரியாதையாகவே கேட்டார்.

"நீங்கள் விடியப்புறமே வேலைக்குப் போனதல்லோ?"

"ஓம்."

"மத்தியானம் தாண்டும் மட்டும் சாப்பாடில்லை. நல்ல களைப்பு. அப்படித்தானே?"

"களைப்புத்தான். ஆனால் நான் நிண்டனான்."

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொன்னால் போதும்."

பழனியாண்டி கூண்டில் ஏறித் தான் பொலிசுக்குச் சொன்னதையே சொன்னான். மிசின் வேகமாகப் போனது, சத்தம் கேட்டது, மிஸ்ஸி நின்றதையோ வந்ததையோ பார்க்கவில்லை. சொல்லிவிட்டு விமலேஸ்வரியைப் பார்த்த அவன் முகம் அழுகிற முகமாக இருந்தது. அவள் அவனுக்குத் தலையை ஆட்டினாள்.

பிறகு கணபதியின் பிறக்கிராசியார் தன் சாட்சி என்று அமராவதியின் பெயரைச் சொன்னார்.

விமலேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. பெயரை மாறிக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

அமராவதி கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். கடை வாசலில் நின்றதாகச் சொன்னாள்.

"மருத்துவிச்சி தெருவில ஏறமுதல் நிண்டவாவோ?"

"இல்லை ஐயா."

"பிறகு?"

"அவா எப்பவும் அவசரமாத்தான் போறவா. அண்டைக்கும் வந்த வேகத்தில அப்படியே பெரிய தெருவுக்குக் குறுக்கால ஏறினவா. தம்பி பிறேக்கைப் போட்டவர், ஆனால் பெட்டி தள்ளிப் போட்டுது."

"நீங்கள் அவவைக் கூப்பிட்டு ஏதும் கதைச்சனீங்களோ?"

"இல்லை ஐயா. நான் ஒரு கதையும் கதைக்கேல்லை."

கடையில் சாமானுக்கு விலை சொல்லுகிற அதே குரல். அந்த 'அவா' என்ற சொல்தான் விமலேஸ்வரியை முதலில் குத்தியது. அத்தனை வருடத்தில் அமராவதி அவளை நீ என்றும், எடியே என்றும், விமலா என்றும்தான் சொல்லியிருக்கிறாள். ஊன்றுகோலைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். பொலிஸ்காரர் ஒருவர் தோளைத் தொட்டு இருத்தினார்.

நீதவான் கணபதியை விடுதலை செய்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர்களே தெருவில் இப்படிக் கவனமில்லாமல் போகக்கூடாது என்றும் சொன்னார். மண்டபத்தில் எல்லாரும் திரும்பி விமலேஸ்வரியைப் பார்த்தார்கள்.

வெளியே, சிற்றம்பலத்தின் காருக்குள் அமராவதி ஏறுவதை அவள் கண்டாள். கணபதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மாமிக்குக் கதவு பிடிக்கிற மாதிரி.

பழனியாண்டி பக்கத்தில் வந்து நின்றான். "மூத்த பொண்ணுக்கு அந்த வீட்டுலதாங்க பேசியிருக்காங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே பேசி முடிச்சாச்சு. சீதனம் ஒண்ணும் வேணாம்னுட்டாங்களாம். அன்னைக்கே சொல்ல வந்தேன் மிஸ்ஸி. நீங்க அந்தம்மாவை அவ்வளவு நம்பிப் பேசினீங்க. வாய் வரல்லை."

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. பாரம் கட்டித் தொங்கவிட்ட காலோடு கிடந்த அவளுக்கு மட்டும் தெரியவில்லை. தலை பின்னிவிட்ட அதே கைதான் வெற்றிலைத் தட்டும் மாற்றியிருக்கிறது.

இரண்டு மூன்று நாள் கழித்து அமராவதி வந்தாள். பின்னேர நேரம், கிளினிக்கில் யாரும் இல்லை. விமலேஸ்வரி கட்டிலில் இருந்தாள். அமராவதி கதிரையை இழுத்து, இருக்காமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவமோ?"

விமலேஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைத் திட்டு. செருப்பால அடி. ஆனால் ஒண்டு யோசிச்சுப் பார். நீ உயிரோட இருக்கிறாய். உனக்குச் சம்பளம் வரும், பென்சன் வரும். கட்டிக் குடுக்க எனக்கு ரண்டு குமர். ஒரு சீதனமும் இல்லாமல் அப்பிடி ஒரு வீட்டில ஆர் வந்து கேப்பினம்? அவையள் கேட்டது இது ஒண்டுதான்."

"நான் நிண்டனானோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

அமராவதி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே ஒருவரும் இல்லை.

"நிண்டனீ" என்றாள் மெல்ல. "நான் கூப்பிட்டபடியால்தான் நிண்டனீ."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது?"

"வழக்கை விடச்சொல்லிக் கேட்டிருக்கலாமே. கிழமைக்குக் கிழமை வந்து பக்கத்தில இருந்தனீ. இப்பிடி இப்பிடி, ராசேசுக்கு ஒரு இடம் வந்திருக்கு, பொலிசிட்டைச் சொல்லி வழக்கை விடடி எண்டு ஒரு வார்த்தை. நான் மாட்டனெண்டு சொல்லியிருப்பனோ? அவளை நான் தூக்கி வளர்க்கேல்லையோ? கால் போனது போச்சுது எண்டு விட்டிருப்பனே. நீ கேக்கேல்லை. என்னைப் பொய்க்காரியாக்கிப் போட்டு வாறாய்."

அமராவதி அதை யோசித்தே இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கேட்டிருக்கலாம் என்பது அவளுடைய புத்திக்கு எட்டவே இல்லை. அத்தனை வருடம் பழகியும் தன்னை இவ்வளவுதான் விளங்கி வைத்திருக்கிறாள் என்று கண்டபோதுதான் விமலேஸ்வரிக்கு உண்மையாக நொந்தது.

"போ" என்றாள். "இனி இஞ்சை வராதை."

தைமாதம் கணபதிக்கும் இராசேஸ்வரிக்கும் கலியாணம் நடந்தது. விமலேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஊரில் கதை அதற்குள் பழுத்துவிட்டிருந்தது. மருத்துவிச்சி பறந்துகொண்டு வந்து தானே மிசினில் மோதினவாவாம். கண்டாவளையில் ஒரு மாமியார், "நிதானமில்லாத ஆளிட்டை மருமகளை எப்பிடி விடுறது?" என்று கேட்டாளாம். சைக்கிள் ஓட்ட முடியாத மருத்துவிச்சியால் வீடு வீடாகப் போகவும் ஏலாது. முல்லைத்தீவுக்கு மாற்றினார்கள். அங்கே கிளினிக்கில் ஒரு மேசையின் பின்னால் இருந்து, வருகிற தாய்மாரை நிறுத்துப் பார்க்கிற வேலை. பிரசவம் பார்க்கிற வேலை போய்விட்டது. முறிந்த எலும்பு கடற்காற்றில் உளையும். அரசாங்கக் கச்சேரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த அறையில் ஒண்டியாக இருந்தாள். ஒருவரோடும் ஒட்டவில்லை. யாராவது அன்பாக ஏதாவது கொண்டுவந்து தந்தால் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு காலை, கிளினிக் வாங்கில் இருந்த பெண்களுக்கிடையில் இராசேஸ்வரி இருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய முறை வந்ததும் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சின்னம்மா."

"உனக்கு இஞ்சை கிளினிக் இல்லையே. உங்கட பக்கத்தில இருக்கே."

"கிளினிக்குக்கு வரேல்லை. உங்களைப் பாக்க வந்தனான். அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

விமலேஸ்வரி மற்றப் பெண்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவளைப் பின் விறாந்தைக்குக் கூட்டிப் போனாள். இராசேஸ்வரி இருக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முந்தநாள் அவரோட மிசின்ல வந்தனான் சின்னம்மா. பக்கத்தில மட்கார்ட்டில இருந்தனான். தர்மபுரத்தில ஒரு முடக்கு. அவர் சுத்தி வளைக்கேல்லை. குறுக்கால வெட்டி மற்றப் பக்கத்தால விட்டார். ஒரு வயசுபோன மனிசன் அந்தப் பக்கத்தில சைக்கிளோட நிண்டவர். சும்மா நிண்டவர். சைக்கிளை எறிஞ்சுபோட்டு வேலிக்குள்ள பாய்ஞ்சபடியால் தப்பினார். இவர் மிசின்ல இருந்தபடி திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். 'உதுகள் எப்பவும் இடைஞ்சல்' எண்டார்."

மூச்சு வாங்கினாள்.

"வீட்டை போய் அம்மாட்டைக் கேட்டன். அண்டைக்கு உண்மையா என்ன நடந்தது எண்டு. அம்மா கோட்டில சொன்னதையே சொன்னா. சின்னம்மா நிக்காமல் வந்தவா, நான் கண்ணால கண்டனான் எண்டு. நான் நம்பேல்லை எண்டு தெரிஞ்ச உடனை கண்ணீர் விட்டு அழுது சொன்னா. நடிப்பில்லை சின்னம்மா. எனக்கு அம்மாவைத் தெரியும். அவா இப்ப அதை உண்மையெண்டே நம்புறா."

விமலேஸ்வரி விறாந்தைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நீங்கள் சொல்லுங்கோ. நிண்டனீங்களோ?"

இந்தப் பிள்ளை அந்த வீட்டில் வாழவேண்டியவள். வயிற்றில் அந்த வீட்டுப் பிள்ளை. இல்லையென்று ஒரு பொய் சொன்னால் நிம்மதியாகப் போவாள். தான் ஒரு தாயாக இருந்தால் அப்படித்தான் சொல்வேனோ என்று விமலேஸ்வரிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பொய்யைத் தன் வாயாலும் சொல்ல அவளால் முடியவில்லை.

"நிண்டனான் பிள்ளை. உன்ர அம்மா அப்பம் கொண்டுபோகச் சொல்லிக் கூப்பிட்டவள். காலை ஊண்டி நிண்டு அவளோட கதைச்சனான்."

இராசேஸ்வரி அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப அதுதான் என்ர சீதனம்" என்றாள்.

விமலேஸ்வரி அவளை இருத்தி, தண்ணீர் கொடுத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை சரியாகத் திரும்பியிருந்தது. அதைச் சொன்னாள். அவரை விட்டு வந்துவிடு என்றும் சொல்லவில்லை, பொறுத்துப் போ என்றும் சொல்லவில்லை. பத்துமணி பஸ்ஸுக்கு இராசேஸ்வரி எழும்பினாள். படி இறங்கும்போது, "அவரோட இனி மிசின்ல ஏறமாட்டன்" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

அவள் போனபிறகும் விமலேஸ்வரி விறாந்தையிலேயே நின்றாள். தான் நின்றதை நம்புகிற ஓராள் கடைசியாக அந்த வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அந்த நாள் வந்தால் மனம் ஆறும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள்! ஆறவில்லை. வழக்குக்குப் பிறகு வந்த அந்தப் பின்னேரம், ஒருவருமில்லாத அறையில், வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு அமராவதி மெல்லச் சொன்ன 'நிண்டனீ' என்ற ஒற்றைச் சொல்லை இவ்வளவு காலமும் அவள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊர் முழுக்க என்ன சொன்னாலும், அமராவதிக்கு உண்மை தெரியும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது அவளை உறுத்தும். அப்போது அவள் வருவாள் என்று தன்னையறியாமலே காத்திருந்திருக்கிறாள்.

இனி வரமாட்டாள். உறுத்துவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

உள்ளே ஒரு குழந்தை அழத் தொடங்கியது. யாரோ ஒரு பெண், "மிஸ், இன்னும் நேரம் செல்லுமோ?" என்று கேட்டாள். விமலேஸ்வரி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பி, அடுத்தவளை வரச்சொன்னாள்.